ஆறு பேர் போட்ட குலவை

ஆயுத பூஜையன்று கல்வெட்டு ஸ்டுடியோவில் கிளம்பிய புகையைச் சாம்பிராணிப் புகை என்று நம்பி எல்லோரும் கும்பிட்டார்கள். அதிகமாகக் கும்பிட்டவன் ஆனந்தராஜ்தான். கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு கும்பிட்டான். ஸ்டுடியோ அவனுடையது, பூஜை அவனுடையது. கொஞ்ச நேரத்தில் தெரிந்தபடி, புகையும் அவனுடையதுதான்.

"என்னங்க, சாம்பிராணியில ரப்பர் வாசம் அடிக்குது?" என்றாள் மனைவி கார்த்திகா.

நடந்தது இதுதான். மைக்குகளுக்கு ஆளுக்கொரு குங்குமப் பொட்டு, ஸ்பீக்கர்களுக்கு மூன்று கோடு சந்தனம், ஹெட்போனுக்கு ஒரு துண்டு கதம்பம் என்று அளவாகச் செய்துகொண்டே வந்தவனுக்கு, கன்வெர்ட்டர் பெட்டியின் முன்னால் வந்ததும் கை தாராளமாகிவிட்டது. ஸ்டுடியோவிலேயே விலை கூடிய பொருளுக்கு ஹெட்போனுக்குச் செய்த மரியாதையையே செய்தால் நன்றாகவா இருக்கும்? மூடியின் மேலே வரிசையாக இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்துச் சந்தனத்தை அப்பினான். பெட்டி மூச்சு விடுவதற்குத்தான் அந்த ஓட்டைகள் என்பது, பதினான்கு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாமல் இல்லை. பக்தி வந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் மாவிலையால் தண்ணீர் தெளித்தான். அதையும் மூன்று தடவை. பெட்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணி வச்சிருந்தா, இது வேலை செய்யிற பொருள்னு சாமிக்கு எப்படித் தெரியும்?" என்று பிற்பாடு அவன் கொடுத்த விளக்கத்தைக் கேட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் மதுமிதா அறிவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

கன்வெர்ட்டர் பார்வைக்கு ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. மைக்கில் வரும் சத்தத்தை எண்களாக்கிக் கணினிக்குக் கொடுப்பதும், கணினியில் இருக்கும் எண்களைத் திரும்பச் சத்தமாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதும் அதன் வேலை. எப்பேர்ப்பட்ட பாடகரும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அது போய்விட்டால் ஸ்டுடியோ என்பது முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை.

அப்படிச் சாதாரண அறையும் அல்ல அது. அறந்தாங்கியில், ஆவுடையார்கோவில் சாலையில், ஓர் உரக்கடைக்கு மேலே இருந்தது. குடுமியான்மலையில் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே இசையைக் கல்லில் வெட்டி வைத்த மாவட்டம் இது என்பதால் ஸ்டுடியோவுக்குக் கல்வெட்டு என்று பெயர். "உலகத்துல மொத ரெக்கார்டிங் நம்ம மாவட்டத்துலதான் நடந்துச்சு. நடுவுல கொஞ்ச நாள் கேப்பு. அப்பறம் நான்" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஆனந்தராஜ் சொல்வான். சிரிக்காமல் சொல்வான். பாதிப்பேர் நம்பிவிடுவார்கள்.

ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குப் பாட்டு, முளைப்பாரிப் பாட்டு, கோட்டைப்பட்டினத்தில் புதுப் படகு இறக்கும்போது ஒலிபெருக்கியில் போடுகிற பாட்டு என்று சுற்றுவட்டாரத்தில் காதில் விழுகிற பாட்டில் பாதி இங்கே பிறந்ததுதான். காளைப் பாட்டில் காளையின் பெயரும் உரிமையாளரின் பெயரும் குறைந்தது எட்டுத் தடவை வர வேண்டும். எந்தப் பாட்டாக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் குலவை வந்துவிடும். பழைய பெட்டி அங்கேதான் தடுக்கி விழும். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டதும் தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பதிவு செய்தாலோ, ஜலதோஷம் பிடித்த குலவையாக வந்து சேரும். ஆகவே, பெட்டி போனதில் ஆனந்தராஜுக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை மட்டும் அவன் கார்த்திகாவிடம் சொல்லவில்லை.

சொல்லாமல் வைத்திருந்த இன்னொரு விஷயம் அவ்வளவு சந்தோஷமானதல்ல.

போன மாதம் மதுமிதா கைபேசியில் ஏதோ ஒரு செயலியை வைத்துக்கொண்டு, "அப்பா, கீச்சுனு ஒரு சத்தம் மேல போயிட்டே இருக்கும். கேக்காமப் போனதும் கையைத் தூக்குங்க" என்றாள். அவள் பதினேழாயிரம் ஹெர்ட்ஸில் கையைத் தூக்கினாள். கார்த்திகா பதினாலாயிரத்தில். ஆனந்தராஜ் பதினோராயிரத்திலேயே தூக்கிவிட்டான். போன் ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லி எழுந்து போனவன், அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. வயது நாற்பத்தொன்பது. தலைமுடி போனால் தொப்பி உண்டு, பல் போனால் செட்டு உண்டு. ஸ்டுடியோக்காரனுக்குக் காது போனால் என்ன உண்டு?

அதனால் தனக்குள்ளேயே ஒரு தீர்மானம் போட்டிருந்தான். உயர்தரமான மூன்று கன்வெர்ட்டர்களை வரவழைப்பது. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தன் காதுக்குத் தெரிந்தால் அதில் ஒன்றை வாங்குவது. தெரியாவிட்டால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவது. அதற்கப்புறம் ஊராட்சிக்குக் குழாய்த் தண்ணீர் அறிவிப்பும், பழைய இரும்பு வாங்கும் ஆட்டோவுக்குக் குரலும் பதிவு செய்து காலத்தை ஓட்டலாம். அதற்குக் காது வேண்டாம், தொண்டை போதும்.

எதை வாங்கலாம் என்று தெரிந்தவர் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தான். ஒருவராவது நேராகப் பதில் சொல்ல வேண்டுமே! மதுரை நண்பன் ஒருவன், "ஒங்க காது என்ன சொல்லுதோ அதுதாண்ணே" என்றான். அந்தக் காதை நம்ப முடிந்தால் இவனிடம் ஏன் கேட்கப் போகிறான்?

திருச்சி விற்பனை நிறுவனத்திலிருந்து ஷர்லி என்ற இளம் இன்ஜினியர் மூன்று பெட்டிகளோடு காரில் வந்து இறங்கினாள். ஒன்று ஜெர்மனி, ஒன்று இங்கிலாந்து, ஒன்று அமெரிக்கா. மூன்றும் தடியான எவர்சில்வர் முகப்போடு, பார்க்கவே பக்தி வருகிற மாதிரி இருந்தன. கார்த்திகா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இந்த மூணுல எது மேடம் நல்லது?" என்றான் ஆனந்தராஜ், பெட்டிகளை இறக்கி வைப்பதற்கு முன்பே.

"நீங்க என்ன ரெக்கார்ட் பண்ணுவீங்க சார்?"

"எல்லாந்தான். எது நல்லது?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதத்துல நல்லது சார்."

"உங்க ஸ்டுடியோவா இருந்தா நீங்க எதை வாங்குவீங்க?"

"எனக்கு ஸ்டுடியோ இல்லையே சார்" என்று ஷர்லி சிரித்தாள். "கம்பெனி ரூல் சார். நாங்க எதையும் சொல்லக் கூடாது. சொன்னா, நீங்கதானே சொன்னீங்கன்னு நாளைக்கு வந்து நிப்பாங்க."

பரிசோதனைக்கென்று அவள் பியானோ, வயலின், வெண்கலத் தாளம் எல்லாம் கொண்டு வந்திருந்தாள். ஆனந்தராஜ் தலையை ஆட்டினான். "இதெல்லாம் வெளியூருக்குச் சரி மேடம். எங்க பக்கம் ஒரு பொட்டி தேறுமா தேறாதான்னு பாக்கணும்னா குலவை போட்டுத்தான் பாக்கணும்" என்று சொல்லி, நாகுடிப் பக்கத்து மூக்காயிக்குப் போன் போட்டான்.

மூக்காயி நூறு நாள் வேலையில் மேட். நாற்பது பெண்களை ஒரே அதட்டலில் கண்மாய்க்குள் இறக்கி ஏற்றுகிறவள். முளைப்பாரிப் பாட்டில் அவளுக்கு மிஞ்சி ஆளில்லை. ஆனந்தராஜுக்கு முறைக்கு மதினி. ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு மினி பஸ்ஸில் வந்து இறங்கி, மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றாள்.

"என்ன கொழுந்தனாரே, சாமிக்குப் பொட்டியைப் பலி குடுத்துட்டீகளாமே? ஊரே பேசுது."

"அது கெடக்கட்டும் மதினி. உள்ள வந்து ஒரு குலவை போடுங்க."

"என்ன விசேசம்?"

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல. புதுப் பொட்டி வாங்கப் போறோம். டெஸ்ட்டு."

மூக்காயி இடுப்பில் கையை வைத்தாள். "டெஸ்ட்டுக்குக் குலவையா? ஏன் கொழுந்தனாரே, பிள்ளை பொறந்தா போடுவோம், வயசுக்கு வந்தா போடுவோம், நாத்து நட்டா போடுவோம், முளைப்பாரி தூக்குனா போடுவோம். சும்மா போட்டா சாமி, என்னடி கூப்பிட்டீகன்னு வந்து நிக்கும். அதுக்கிட்ட என்னத்தச் சொல்றது? பொட்டியக் காட்டவா?"

"பாட்டு எடுக்கும்போது போடுறீங்கள்ல?"

"அது சாமி பாட்டு. பாட்டோட வர்றது. இது என்ன பாட்டு?"

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஆனந்தராஜ் கெஞ்சினான், காப்பி வாங்கிக் கொடுத்தான். உள்ளே இருக்கிற ஜெர்மனிப் பெட்டியின் பெருமையைச் சொன்னான். காப்பி மட்டும் செல்லுபடியானது. ஷர்லி கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டிகள் திருச்சிக்குக் கிளம்ப வேண்டும்.

கார்த்திகாதான் வழி சொன்னாள். "பால் பொங்குனா போடுவீகளா, இல்லையா?"

மூக்காயி யோசித்தாள். "பொங்கல் பொங்கிப் போடாம இருந்தா அதுதான் குத்தம்."

அடுத்த அரை மணி நேரத்தில், வீட்டிலிருந்து ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் புதுப் பானையும் மாடி ஏறின. பாடும் அறைக்குள் அடுப்பு வைக்க ஷர்லி சம்மதிக்கவில்லை. ஆகவே, கதவுக்கு வெளியே மாடிப்படித் தளத்தில் அடுப்பு. கதவு ஒரு சாண் திறந்திருக்கும். உள்ளே பெண்கள் ஆறு பேரும் இரண்டு மைக்குகளுக்கு முன்னால் அரைவட்டமாக நிற்பார்கள். பால் பொங்கியதும் கார்த்திகா கதவிடுக்கில் கையை நீட்டுவாள். அதைப் பார்த்து அவர்கள் குலவை போடுவார்கள்.

"நீ மட்டும் வாயே தெறக்கக் கூடாது, புரியுதா?" என்று ஆனந்தராஜ் மனைவியிடம் விரலை ஆட்டிச் சொன்னான். "இருமல் வந்தாக்கூட முழுங்கிரு. கோடிக்கணக்குல எண்ணு ஓடிக்கிட்டு இருக்கும். ஒன் சத்தம் விழுந்துச்சுன்னா எல்லாம் போச்சு. வேற பால் பொங்கணும்."

"சந்தனம் அப்புன ஆளு எனக்குச் சொல்ல வந்துட்டாக" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஷர்லி கெட்டிக்காரி. மைக் வயர்களை ஒரு சின்னப் பெட்டி வழியாக மூன்று மூன்றாகப் பிரித்து மூன்று கன்வெர்ட்டர்களுக்கும் கொடுத்திருந்தாள். ஒரே குலவை, ஒரே நேரத்தில், மூன்றுக்குள்ளும் போகும். அவளும் ஆனந்தராஜும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பெண்கள் தெரிந்தார்கள், கதவிடுக்கு தெரியவில்லை.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மூக்காயி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அவள் முகம் மாறியது. அந்தக் கணத்தில் அது ஸ்டுடியோ இல்லை. கோயில் வாசல்.

குலவை கிளம்பியது.

ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. திரையில் பச்சைக் கம்பங்கள் உச்சிக்குப் பாய்ந்தன. சத்தம் கிழியத் தொடங்கும் சிவப்பைத் தொடவில்லை. ஆனந்தராஜுக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது. பதினான்கு வருஷமாக இந்தச் சத்தத்தைக் குறைத்தும் அமுக்கியும் ஓரங்கட்டியும் வந்தவன், முதன்முதலாக அதை முழுசாக உள்ளே விட்டிருந்தான். ஷர்லி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். "சார், இது... இவங்க ஆறு பேருமா?" என்றாள். ஆனந்தராஜ், அந்தக் குலவையைத் தானே போட்ட மாதிரி சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டான்.

அப்புறம்தான் அசல் வேலை. மூன்று பதிவுகளையும் ஷர்லி ஒரே அளவுச் சத்தத்துக்குக் கொண்டு வந்தாள். "ஒண்ணு இத்தினிக்கூண்டு சத்தமா இருந்தாலும் காது அதைத்தான் நல்லதுன்னு சொல்லிரும் சார். காது அப்படி ஒரு ஏமாளி." எது எந்தப் பெட்டி என்று சொல்லாமல் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு தாளை மறைத்துப் பிடித்துக்கொண்டு குறித்துக்கொண்டாள்.

முதல் சுற்றில் ஆனந்தராஜுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மூன்றும் நன்றாக இருந்தன. மூன்றும் ஒரே மாதிரி நன்றாக இருந்தன. பழைய இரும்பு, பிளாஸ்டிக் என்று ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டிய வாசகம் தன்னால் மனசுக்குள் ஓட ஆரம்பித்தது. இன்னொரு தடவை போடச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டான். சத்தத்தைக் கேட்காமல் ஆட்களை எண்ணினான். இந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் வருஷக்கணக்காகப் பதிவு செய்தவன் அல்லவா? நடுவில் மூக்காயி, அவள் குலவையில் ஒரு முரட்டுத்தனம் இருக்கும். இடது ஓரத்தில் ஒருத்திக்கு மூச்சுக் குறைவு. இரண்டு பேர் அக்கா தங்கச்சி, ஒரே இழுப்பு. முதல் பதிவில் ஆறு பேரும் சேர்ந்து ஒரே கயிறாகத் திரிந்து போனார்கள். இரண்டாவதில் கயிறு கொஞ்சம் வழவழப்பு. மூன்றாவதில் கயிறு பிரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருத்தியாக எண்ண முடிந்தது.

ஏழு.

ஆனந்தராஜ் கண்ணைத் திறந்தான். மறுபடி எண்ணினான். ஏழு. வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, மெலிசாக ஒன்று.

"மேடம், இதுல ஏழு பேரு கேக்குறாங்க."

ஷர்லி கண்ணாடி வழியே பார்த்தாள். "உள்ள ஆறு பேர்தான சார்?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"நான் கேக்குறது முக்கியமில்ல சார். உங்களுக்கு என்ன கேக்குதுங்கறதுதான் முக்கியம்."

இன்னும் மூன்று சுற்று. ஒவ்வொரு தடவையும் வரிசை மாறியது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பதிவில் மட்டும் அந்த ஏழாவது ஆள் வந்து நின்றாள். "மூணு தடவையும் நான் ஒரே பொட்டியத்தான் காட்டுனேனா?" என்று கேட்டான். "நீங்க முடிவைச் சொல்லுங்க சார், அப்பறம் தாளைக் காட்டுறேன்" என்றாள் ஷர்லி, தாளை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு.

முடிவை எப்படிச் சொல்வது? ஏழாவது ஆள் நிஜமாகவே இருந்தால் அது பெட்டியின் திறமை, அதைக் கேட்டது அவன் காதின் திறமை. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்றால், காது இல்லாததைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு ஜெர்மனியிலும் பெட்டி கிடையாது.

மூக்காயியைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஏழா? ஆறு பேருக்குத்தான மினி பஸ்ஸுல டிக்கெட் போட்டீக? ஏழாவது டிக்கெட் போட்டிருந்தா சொல்லுங்க, ஆளு வந்திருப்பா."

"வெளையாடாதீங்க மதினி. உங்களுக்கு வேற யாரு சத்தமும் கேக்கலையா?"

"குலவை போடுறவளுக்கு அடுத்தவ குலவையா கேக்கும்? ஆறோ ஏழோ, வந்த சாமிக்குத் தெரியும்." பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்து மூக்காயி ஏதோ சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்காத மாதிரியும் இருந்தது.

கார்த்திகா பொங்கலைத் தட்டுகளில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். முதல் தட்டு ஷர்லிக்கு, அடுத்து மூக்காயிக்கு. ஆனந்தராஜுக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"கார்த்தி, வாசல்ல ஒன்கூட வேற யாரும் நின்னாங்களா?"

"யாரு நிப்பா? பானையும் நானுந்தான்."

"கீழ ரோட்டுலேர்ந்து யாரும் ஏறி வந்தாங்களா? உரக்கடையில யாராவது?"

"உரக்கடையில குலவை போடுற ஆம்பளை இருந்தா எனக்குக் காட்டுங்க. வெல்லம் சரியா இருக்கான்னு சாப்பிட்டுச் சொல்லுங்க."

"வெல்லம் கெடக்கட்டும். நீ எதாச்சும் சத்தம் விட்டியா?"

"நீங்கதான் இருமலையே முழுங்கச் சொன்னீகளே" என்றாள் கார்த்திகா. பதில் மாதிரி இருந்தது. பதில் இல்லை.

ஆனந்தராஜ் தட்டைக் கீழே வைத்தான். அந்தப் பதிவை மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை வலப்பக்கத்தை மட்டும் ஏற்றி, மற்றதைக் குறைத்துப் போட்டான். ஆறு பேரின் குலவைக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அரை மூச்சுத் தாமதமாக ஒரு குரல் கிளம்பியது. பழகாத நாக்கு இல்லை. நன்றாகப் பழகி, ரொம்ப நாளாகப் போடாமல் விட்ட நாக்கு. சந்தோஷமாக மேலே ஏறியது. உச்சிக்குப் போவதற்குள், யாரோ வாயைப் பொத்திய மாதிரி சட்டென்று நின்றுபோனது.

கார்த்திகாவின் கை அவளுக்கே தெரியாமல் வாய்க்குப் போயிருந்தது.

"ஒன்னைத் திட்டுறதுக்காகக் கேக்கல, கார்த்தி" என்றான் ஆனந்தராஜ். குரல் அவன் நினைத்ததைவிடத் தாழ்ந்து வந்தது. "எனக்குத் தெரிஞ்சாகணும். இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் இல்லாதது கேக்குதா? இத வச்சுத்தான் நான் இந்த நாற்காலியில உக்கார்றதா, எந்திரிக்கிறதான்னு இருக்கு."

கார்த்திகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதமாக அவன் புரண்டு புரண்டு படுத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்ட மாதிரி இருந்தது. வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"நான்தாங்க போட்டேன். பால் பொங்குனதும் நாக்கு நிக்கல, பாதியில நீங்க சொன்னது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கிட்டேன். ஏழு பேருதான். ஒங்களுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு."